கேமராவுக்குப் பின்னால் ஒரு நாக்கு

என் அத்தான் படம் பிடிக்கிறவர். என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் முகத்தை நாங்கள் பாதிதான் பார்த்திருக்கிறோம். மீதிப் பாதியைக் கேமரா மறைத்துக்கொண்டிருக்கும். தன் கல்யாணத்தன்றே, படம் எடுக்க வந்தவனுக்கு வெளிச்சம் பார்க்கத் தெரியவில்லை என்று சொல்லி அவன் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கி, பெண்ணைத் தனியாக நிறுத்தித் தானே எடுத்தார். அந்த ஆல்பத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்பார்கள். "இதோ, தரையில நிழலா விழுந்திருக்காரே, இவர்தான்" என்று அக்கா காட்டுவாள்.

அந்தப் படத்தில் அக்கா முறைத்துக்கொண்டிருப்பாள். அதில் மட்டுமல்ல, அத்தான் எடுத்த எல்லாப் படத்திலும் அப்படித்தான். வழியில் யாரோ காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போன மாதிரி ஒரு பார்வை. "ஒரு கறுப்பு டப்பாவைப் பாத்து நான் எப்படிடி சிரிக்கிறது? டப்பாவா என்னைக் கட்டிக்கிச்சு?" என்பாள். அதனால் ஏதாவது அடையாள அட்டைக்கோ மனுவுக்கோ படம் வேண்டுமென்றால், படக்காரரின் பெண்டாட்டி தெருவைக் கடந்து எதிர்க்கடையில் போய் எடுத்துக்கொள்வாள். அத்தான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

எங்கள் ஸ்டுடியோ ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கிறது. படியேறினால் ஒரு மேஜை, அதற்கு அப்பால் சுவரில் ஒரு கண்ணாடி, அதன் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் சீப்பு. சீப்பை மாதம் ஒருவர் திருடிக்கொண்டு போவார், நூல் மட்டும் நிற்கும். உள்ளே படம் எடுக்கும் அறை: முதுகு சாய இடமில்லாத சுழலும் நாற்காலி, இரண்டு குடை விளக்குகள், வெள்ளையும் நீலமும் சாம்பலுமாக மூன்று திரைச்சீலைகள். அந்த அறையின் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்துதான் நான் இந்த ஊரின் பருக்களைத் துடைக்கிறேன், மூக்குகளை நேராக்குகிறேன், வழுக்கைகளின் மினுமினுப்பை அடக்குகிறேன். யாரும் நன்றி சொன்னதில்லை. தாங்கள் பிறந்ததே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அத்தானுக்கு ஒரு கொள்கை உண்டு. கேமராவில் கண் வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை இருக்கிறது, வியூஃபைண்டர். அதில் வலது கண்ணை ஒட்டிக்கொண்டு எடுப்பதுதான் படம் எடுப்பது. டிஜிட்டல் கேமராவின் முதுகில் இருக்கும் திரையில் லைவ் வியூ என்று ஒன்று வந்ததே, படம் எப்படி விழும் என்று முன்கூட்டியே காட்டுவது, அது அவருக்கு அறவே ஆகாது. படக்காரர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "திரையைப் பாத்து எடுக்கறவன் போட்டோகிராஃபர் இல்லைங்க, டிவி பாக்கறவன். கேமராவைக் கையில நீட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாத்தா, நாறுற சாக்ஸைத் தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு!" என்றார். கைதட்டல் பறந்தது. முன்வரிசையில் எதிர்க்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் லைவ் வியூவில் எடுப்பவர் என்பது எல்லாருக்கும் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் அத்தான் மைக் வைத்துக்கொண்டு கெட்டார்.

ஆட்டோ ஃபோகஸும் அவருக்குப் பிடிக்காது. "எது தெளிவா விழணும்னு மெஷினே முடிவு பண்ணா, நான் எதுக்கு, லைட்டுக்குக் குடை புடிக்கவா?" என்பார். லென்ஸின் வளையத்தைக் கையால் திருகித்தான் தெளிவு பார்ப்பார். நானும் ஒத்துக்கொள்கிறேன், மனிதர் திருகினால் கண் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். குறை சொல்ல இடமிருக்காது.

இந்த வித்துவத்துக்கு ஒரே எதிரி எங்கள் அண்ணன். அவருக்குக் குழாய்க் கடை. வாஷ்பேசின், ஷவர், வளைந்த குழாய், நிமிர்ந்த குழாய் என்று நல்ல வியாபாரம். கையில் போன் வந்து ஆளாளுக்குப் படக்காரர் ஆகிவிட்ட பிறகு, எங்கள் படிகளில் கால் சத்தம் குறைந்தது. அண்ணன் வரும்போதெல்லாம், "மாப்ள, கல்லாவுல உங்களுக்குன்னு ஒரு நாற்காலி காலியாவே இருக்கு. ஃபேனுக்கு நேர் கீழ" என்பார். "குழாயில தண்ணி வருதான்னு பாக்கறதுக்கா நான் பொறந்தேன்?" என்று அத்தான் திருப்பிக் கேட்பார். கடைசியில் அக்காதான் பஞ்சாயத்துப் பண்ணினாள். "உங்க கண்ணு நல்லா இருக்கற வரைக்கும் போட்டோ புடிங்க, நான் கேக்கல. கண்ணு என்னைக்கு மக்கர் பண்ணுதோ, அன்னைக்கே பூட்டைப் போட்டுட்டு அண்ணன் கடைல உக்காந்துடணும். சம்மதமா?" அத்தான் சம்மதம் என்றார். தன் கண்ணைப் பற்றி அவருக்கு அவ்வளவு திமிர்.

பிறகு, படங்களில் காதுகள் தெளிவாக விழ ஆரம்பித்தன.

முதலில் நான் கவனிக்கவில்லை. ஒரு வங்கி மேலாளர் படத்தை வாங்கி, கையை நீட்டியும் மடக்கியும் பார்த்துவிட்டு, "காது ரொம்ப நல்லா வந்திருக்குங்க. மூஞ்சி எப்ப வரும்?" என்றார். பார்த்தால், காதின் மடிப்பெல்லாம் செதுக்கின மாதிரி இருக்கிறது. கண், மூக்கு, வாய் எல்லாம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருக்கிறது. அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் கம்ப்யூட்டரில் முகங்களைக் கூர்மையாக்கிக் கூர்மையாக்கிச் சமாளித்தேன். சில பேர் கல்லில் வடித்த மாதிரி ஆகிவிட்டார்கள். அத்தானிடம் கேட்டால், "லென்ஸ்ல பூஞ்சை" என்றார். துடைத்தேன். பூஞ்சை இல்லை.

அதே சமயம் வீட்டில் அக்கா இன்னொரு புலம்பல் வைத்திருந்தாள். "உங்க அத்தானுக்கு வயசாயிடுச்சுடி. டீயைக் கப்புக்கு வெளிய ஊத்துறார். கேட்டா கப்புதான் நகந்துடுச்சாம்." நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

உண்மை வெளிப்பட்ட விதம் இது. ஒரு மதியம் பள்ளி ஆசிரியர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் தடுப்புக்கு உள்ளே வேலையாக இருந்தேன். திடீரென்று அத்தானின் குரல். "ஐயோ, போச்சு! மொத்தமா போச்சு!" ஓடி வந்தேன். அத்தான் கேமராவை முகத்தோடு அழுத்திக்கொண்டு தரையில் குந்தியிருந்தார். முகம் வெளிறிப்போய், நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன அத்தான் போச்சு?"

"கண்ணு. ஒண்ணுமே தெரியல. ஒரே இருட்டு."

அப்போதுதான் அவர் கன்னத்தில் ஒரு வெளிச்சம் விழுவதைப் பார்த்தேன். கேமராவின் முதுகுத் திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் அவருடைய கன்னத்துக்கு எதிராக அந்த ஆசிரியர் தலைகுனிந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைவ் வியூ ஓடிக்கொண்டிருந்தது.

லைவ் வியூவைப் போட்டால் கேமராவுக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், அப்போது ஓட்டைக்கு வெளிச்சமே வராது. கேமரா வாங்கிய மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும் விஷயம். ஊரையே திட்டிய வாய்க்குச் சொந்தக்காரர், வாழ்நாளில் முதல் முறையாகத் திருட்டுத்தனமாக லைவ் வியூவைப் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கண்ணை ஓட்டையில் வைத்திருக்கிறார்!

"கண்ணு போகல அத்தான். கண்ணாடி தூக்கியிருக்கு" என்றேன்.

அவர் கேமராவைத் தள்ளிப் பிடித்து, என் முகத்தைப் பார்த்து, சுவரைப் பார்த்து, பெருமூச்சு விட்டார். நாற்காலியிலிருந்து ஆசிரியர் கேட்டார்: "நான் மூச்சு விடலாங்களா?"

அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். கக்கிவிட்டார். யாருக்கும் தெரியாமல் கண் டாக்டரிடம் போய்வந்திருக்கிறார். வலது கண்ணின் விழித்திரையில், நடு மத்தியில் ஓட்டை. தாமதமாக வந்துவிட்டீர்கள், இனி இவ்வளவுதான், இடது கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். "ஓரமெல்லாம் தெரியுதும்மா. நடுவுலதான் யாரோ கட்டைவிரலை வச்சுத் தேச்சுட்ட மாதிரி இருக்கு. ஒருத்தர் வந்து உக்காந்தா ரெண்டு காதும் தெரியுது, மூஞ்சி தெரியல." வங்கி மேலாளரின் காது எனக்கு அப்போது விளங்கியது. மனிதர் தனக்குத் தெரிந்ததைத்தான் தெளிவாக எடுத்திருக்கிறார்.

"இடது கண்ணை வச்சுப் பாக்க வேண்டியதுதானே?"

"வலது கண்ணைத் தனியா மூட வரலம்மா."

நான் நம்பவில்லை. சீப்பு நூல் தொங்கும் கண்ணாடி முன்னால் நிறுத்தி மூடச் சொன்னேன். மூடினார், இரண்டும் மூடிக்கொண்டன. விரலால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு முயன்றார், உதடு கோணியது. இரண்டையும் திறந்தே வைத்துப் பார்த்தால், கெட்ட கண் நல்ல கண்ணோடு சண்டைக்கு நின்றது. போதாததற்கு இடது கண்ணை ஓட்டையில் வைத்தால் அவருடைய மூக்கு, அது ஒரு தாராளமான மூக்கு, திரையில் போய் அப்பிக்கொண்டது.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாத" என்றார். "அந்தக் குழாய்க் கடைல என்னால உக்கார முடியாது. செத்துடுவேன்."

எனக்கு மனசு இளகியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஸ்டுடியோவைப் பூட்டினால் என் நாற்காலியும் போகும், அண்ணன் என்னை ஷவர் துடைக்க விட்டுவிடுவார் என்பதும் என் கண் முன்னால் வந்து நின்றது. இரண்டுக்குமாகச் சேர்த்துச் சத்தியம் செய்தேன்.

அன்றிலிருந்து அத்தான் டிவி பார்க்க ஆரம்பித்தார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். திரையில் வேண்டிய இடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பொத்தானை அழுத்திவிட்டு, "இப்ப திருகுங்க" என்றேன். என் கண்ணின் ஓரத்துச் சுருக்கம் திரை முழுவதும் விரிந்தது. "அடேயப்பா, உனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா!" என்றார். திரையிலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை. லைவ் வியூ நன்றாக இருக்கிறது என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, கேமரா சூடாகிறது என்று குறையாகவே பேசிக்கொண்டிருந்தார். படங்களில் மூஞ்சிகள் திரும்பி வந்தன.

கூடவே இன்னொன்றும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் சிரித்தது ஒரு குழந்தை. படியேறும்போதே வீரிட்டுக்கொண்டு வந்தது. அத்தான் கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துத் திரையைக் குனிந்து பார்த்தார். குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்தி அவரையே பார்த்து, கெக்கெக்கே என்று சிரித்தது. அப்புறம் அம்மா. அப்புறம் அப்பா, வாயைப் பொத்திக்கொண்டு. நான் சுற்றிப் போய் அவர்கள் பக்கம் நின்று பார்த்தேன். என் அத்தானின் நாக்கு வெளியே வந்திருந்தது. உதட்டின் ஓரத்தில் நுனி மட்டும் நீட்டிக்கொண்டு, வளையத்தை வலப்பக்கம் திருகினால் வலப்பக்கம் போகிறது, இடப்பக்கம் திருகினால் இடப்பக்கம் வருகிறது. தெளிவு சரியாக விழுந்த நொடியில் சட்டென்று உள்ளே போய்விடுகிறது. இத்தனை காலமும் இந்த நாக்கு கேமராவுக்குப் பின்னால் இதே வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

"பொய் சொல்லாத. என் நாக்கு என் வாய்க்குள்ளதான் இருக்கு" என்று சாதித்தார். போனில் எடுத்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "ஃப்ரேமிங் சரியில்ல" என்றார்.

குடும்பப் படங்களுக்கு நாக்கு வரப்பிரசாதம். அட்டைப் படங்களுக்கு அதுவே எமன். அட்டை கொடுக்கும் அலுவலகத்தில் சிரித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிரிப்பை அடக்கினாலும் வேறொரு தொல்லை. கேமரா முகத்தை மறைத்திருந்தவரை எல்லாரும் லென்ஸைப் பார்த்தார்கள். இப்போது லென்ஸுக்கு மேலே ஒரு மனித முகம், அதுவும் நாக்கோடு! எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். கூரையில் பல்லியைக் கண்டவர்கள் மாதிரி கண்ணெல்லாம் மேலே போயிருந்தது. படங்கள் வரிசையாகத் திரும்பி வந்தன. கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அட்டைப் படம் என்றால் அத்தான் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும், கேட்டால் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டும். குடும்பப் படம் என்றால் கவசத்தைக் கழற்றி நாக்கை வேலைக்கு விடலாம். நன்றாகத்தான் ஓடியது.

அக்கா வரும்வரை.

அவளுடைய அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எதிர்க்கடைக்காரர் பல்வலி என்று கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஒருவருக்குப் பல்வலி எந்த நாளில் வர வேண்டும் என்ற விவஸ்தை கிடையாது. அக்கா மூச்சு வாங்க எங்கள் படியேறி வந்து, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, "வேற வழியில்ல, எடுங்க" என்றாள்.

அத்தான் கவசத்தைத் தேடினார். "இது எதுக்கு இப்ப?" என்றாள் அக்கா. தூசி என்றார். "வீட்டுல நாலு நாளா பரண் சுத்தம் பண்ணினீங்க, அங்க வராத தூசியா? கழட்டுங்க, யாரோ ஆபரேஷன் பண்ண வந்த மாதிரி இருக்கு." கழற்றினார். என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

லைவ் வியூவைப் போடத் துணிவில்லை. பழையபடி கேமராவை முகத்தில் வைத்து, வலது கண்ணை ஓட்டையில் ஒட்டி, தடவிக்கொண்டு வளையத்தைத் திருகி எடுத்தார். அக்கா எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அவள் தோடு மட்டும் பளபளவென்று விழுந்திருந்தது. முகத்தைக் காணோம். ஆனாலும் அது முறைக்கிறது என்பது தெரிந்தது.

"என்னங்க இது? நகைக் கடை விளம்பரமா எடுத்தீங்க? ஒழுங்கா எடுங்க!"

அவள் திரும்பப் போய் உட்கார்ந்தாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊருக்கெல்லாம் மூஞ்சியைக் கொடுத்துவிட்டு, கட்டியவளுக்குக் காதை மட்டும் கொடுக்க முடியுமா? விரல் அந்தப் பொத்தானுக்குப் போனது. 'சடக்' என்று கண்ணாடி தூக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கேமராவை முகத்திலிருந்து இறக்கி நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். அக்காவின் கண்ணைப் பத்து மடங்கு பெரிதாக்கி, கோழி மாதிரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கண்ணால் திரையைப் பார்த்து, வளையத்தைத் திருகினார். நாக்கு வெளியே வந்தது.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அக்கா அதை அன்றுதான் பார்த்தாள். முதலில் அவள் புருவம் ஏறியது. பிறகு வெடித்துச் சிரித்தாள். உடம்பு குலுங்க, சுழல் நாற்காலி கால் வட்டம் சுழன்றுபோகும்படி சிரித்தாள். "அட ஆண்டவனே, இதைத்தான் இவ்வளவு நாளா டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தீங்களா?" அத்தான் நிமிரவில்லை, நாக்கும் உள்ளே போகவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

அந்தச் சாய்வைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. உதடு மட்டும் இன்னும் சிரித்த வடிவத்தில் இருந்தது.

அத்தானுக்கு அவள் முகம் தெரியாது. அவர் திரையில் இருந்தது அவள் கண் ஒன்றுதான். அது லென்ஸைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணின் கீழ் இமையோரம் தண்ணீர் சேர்வதை அவர் பத்து மடங்கு பெரிதாகப் பார்த்தார். வளையம் நின்றது, நாக்கு உள்ளே போனது. விரல் தானாக அழுத்திவிட்டது.

"எந்தக் கண்ணு?" என்றாள் அக்கா.

"வலது."

"டீயை வெளிய ஊத்தினப்பவே நான் யோசிச்சிருக்கணும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. இவ்வளவுதானாம்."

"தனியாவா போனீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டாள். அவற்றை இங்கே எழுத முடியாது. பிறகு பையிலிருந்து போனை எடுத்தாள். யாருக்குப் போடுகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். அத்தான் கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

"அண்ணா, நான்தான். அந்தக் கல்லா நாற்காலிக்கு நீ வேற ஆளைப் பாத்துக்கோ. ஆமா, இவருக்குத்தான். ஒரு கண்ணு போச்சாம்... அதைத்தான் சொல்றேன், கேளு. ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு நோட்டு எண்ணினா, உன் கடையே முழுகிடும். போட்டோ புடிக்க ஒத்தக் கண்ணே போதும். வச்சுடறேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "டீ வாங்கிட்டு வாடி, மூணு. இவர் ஊத்த வேணாம்" என்றாள்.

அத்தானின் விரல் தானாக அழுத்தியதில் விழுந்த அக்காவின் படம் ஒன்று இருக்கிறதே, அது எதற்கும் உதவாது. சிரிப்பும் இருக்கிறது, பார்வையும் மேலே போயிருக்கிறது. அலுவலகத்தில் ஒப்புக்கொள்ளாத இரண்டு குற்றமும் ஒரே படத்தில். எதையும் துடைக்காமல், எதையும் கூர்மையாக்காமல் பெரிதாகப் போட்டு, கீழே செருப்புக் கடை வாசலில் இருக்கும் எங்கள் கண்ணாடிப் பெட்டியில் அத்தான் மாட்டிவிட்டார். அண்ணன் வந்து அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, தங்கச்சி கேமராவைப் பாக்காம வேற எங்கயோ பாக்கறா?" என்று கேட்டார்.

"வேற எங்கயும் இல்ல, என்னைத்தான் பாக்கறா" என்றார் அத்தான்.

அட்டைக்கான படத்தை அக்கா பல்வலி தீர்ந்த பிறகு எதிர்க்கடையிலேயே போய் எடுத்துக்கொண்டாள். அதில் வழக்கம்போல முறைக்கிறாள்.